மூன்றாவது கோட்டிங்

அத்தியாயம் 14

போன வாரம் அண்ணியை மாடிப்படிக்குக் கீழே, பெயிண்ட் கடை பில்லும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். ஏறுவாளா மாட்டாளா என்று கடிதம் போட்டுக் கேட்டவர்களுக்குப் பதில்: ஏறிவிட்டாள். ஏறாமலே இருந்திருக்கலாம் என்று அன்று சாயங்காலத்துக்குள் நூறு தடவை நினைத்தாள் என்பது வேறு விஷயம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழில் நடத்துகிறார்கள். பெரியவர் குடும்பம் கீழே, சின்னவர் குடும்பம் மாடியில். பெரியவரின் மனைவிதான் நம் அண்ணி. முதலில் சின்னவருக்கு மட்டும் அண்ணியாக இருந்தவள், பிறகு வேலையாட்களுக்கெல்லாம் அண்ணியாகி, இப்போது அவளைவிடப் பத்து வயது மூத்த பெயிண்ட் கடைக்காரரும் கூச்சமில்லாமல் "வாங்க அண்ணி" என்கிறார். எஸ்டிமேட் எழுதுவதும் வீட்டுக்காரர்களிடம் பேசுவதும் அவள் பொறுப்பு.

ஆறு மாதத்தில் நாலு வீடு முடித்தார்கள். பேர் வந்தது, லாபம் வரவில்லை. ஏழு பக்கெட் போதும் என்று எஸ்டிமேட் போட்ட நாலாவது வீட்டுக்கு, ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டுக்கு, ஒன்பது பக்கெட் போயிருந்தது. பத்து என்று போட்ட இடத்தில் பதிமூன்று. கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு பக்கெட்டுக்கும் பில்லில் சின்னவரின் கையெழுத்து. சாமான் ரூம் சாவியும் சின்னவர் இடுப்பில். போதாக்குறைக்குப் போன மாதம் மாடிக்கு ஒரு புது வாஷிங் மெஷின் வேறு வந்து இறங்கியது. இன்னும் ஒரு வீடு இப்படிப் போனால் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு, அண்ணனும் தம்பியும் பெரிய கான்ட்ராக்டரிடம் நாள் கூலிக்கு நிற்க வேண்டியதுதான். அந்த ஆள் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார்.

காலை ஏழு மணி. அண்ணி படியேறியபோது பெரியவர் வாக்கிங் முடித்து வந்து, கீழ்ப் படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனிதர் ஒரு நாள் தவறியதில்லை. நாலே முக்காலுக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வருவார். அதில் அண்ணிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மாடியில் சின்னவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க அண்ணி. என்ன, நீங்களே ஏறி வந்துட்டீங்க? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

அண்ணி இரவெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. வந்தது ஒரே ஒரு வரிதான்.

"சாமான் ரூம் சாவி இனிமே என்கிட்ட இருக்கட்டும் தம்பி."

அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்த சின்னவரின் மனைவி கரண்டியை நிறுத்தினாள். அவளைத் தங்கை என்றுதான் அண்ணி கூப்பிடுவாள். தங்கை திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்துப் போயிற்று.

திருடன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். எட்டு வருஷமாக ஒருவர் இடுப்பில் இருந்த சாவியைக் காலை ஏழு மணிக்குப் படியேறி வந்து கேட்டால் அதற்கு வேறு என்ன அர்த்தம்?

சின்னவர் அண்ணியைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரை எட்டிக் கீழே பார்த்தார். அங்கே பெரியவரின் வழுக்கை தெரிந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. ஷூ லேஸ் இன்னும் அவிழ்ந்த பாடில்லை.

"சரி அண்ணி." சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். டீயைப் பாதியில் விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கீழே சாமான் ரூம் வாசலில் ஒரு தண்ணீர் வாளி உண்டு. வேலை முடிந்ததும் பெயிண்டர்கள் அவரவர் பிரஷைக் கழுவி அதில் ஊறப்போட்டுவிட்டுப் போவார்கள். எந்த வாளியில் பிரஷ் ஊறுகிறதோ, மறுநாள் அங்கேதான் வேலை என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். சின்னவர் தன் மூன்று இஞ்ச் பிரஷை வாளியிலிருந்து எடுத்தார். உதறினார். பேன்ட் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, வண்டியைத் தொடாமல், தெருவில் இறங்கி நடந்து போனார்.

வேலையாட்கள் இரண்டு பேர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அண்ணி, படியிறங்கி வந்து. தனக்கு ஆதரவாகச் சொல்லக் கூடாதா என்றுதான் கேட்டாள்.

"நேரமாச்சு. டீச்சர் வீட்ல இன்னைக்கு ஒப்படைக்கணும்," என்று பெரியவர் எழுந்து போய்விட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணி டீச்சர் வீட்டுக்குப் போனாள். வேலையை ஒப்படைக்கும்போது சின்னவர்தான் வீட்டுக்காரர்களைக் கூட்டிப்போய் அறை அறையாகக் காட்டுவார். இன்று அவர் இல்லை. அந்த வேலையும் தன் தலையில்தான். காலி பக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது.

பின்பக்கம் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எண்ணினாள். ஒன்பது. திரும்ப எண்ணினாள். அப்போதும் ஒன்பதுதான். விற்றுவிட்டார் என்று அவள் நினைத்த இரண்டு பக்கெட்டும், அடிவரைக்கும் வழித்து எடுக்கப்பட்டு, அவள் எதிரே சமர்த்தாகக் குப்புறக் கிடந்தன.

ரிட்டயர்டு டீச்சர் பின் அறையில்தான் தங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வருஷமாகியும் குரல் இன்னும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்.

"வாங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு. விடியக்காலம் அஞ்சு மணிக்கு எல்லாம் வந்து கதவைத் தட்டிடறார். எனக்கு அலாரமே வேண்டாம்னு ஆயிடுச்சு."

"யாரு, எங்க வீட்டுக்காரரா? அஞ்சு மணிக்கா?"

"தினம். வந்து தனியா அடிப்பார். ஆறே முக்காலுக்கு மூஞ்சியைக் கழுவிட்டு ஓடிடுவார். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் வாக்கிங்தான். ஆறு மாத வாக்கிங். ஆறு மாதமாக இறங்காத சர்க்கரை. வாசலில் பெரியவர் கழற்றிப் போட்டிருந்த ஷூ ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது.

பெரியவர் சின்ன அறையில் இருந்தார். ஒயர் கட்டிய விளக்கு ஒன்றைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த விளக்கு விவகாரம் அண்ணிக்குப் புதிதல்ல. தனியாகத் தொழில் தொடங்கி முதல் வீட்டை ஒப்படைத்த அன்று, சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சாய்வாக விழுந்து, சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகக் காட்டிக் கொடுத்துவிட்டது. "என்னப்பா, உலகப் படம் வரைஞ்சிருக்க?" என்று அந்த வீட்டுக்காரர் பத்துப் பேர் நடுவில் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து பெரியவர் விளக்கு இல்லாமல் வேலைக்குப் போவதில்லை.

"எத்தனை கோட்டிங்?" என்று அண்ணி கேட்டாள்.

பெரியவர் திரும்பினார். அவள் கையில் ஷூவைப் பார்த்தார். விளக்கை அணைத்தார்.

"ரெண்டு கோட்டிங்னு எழுதிக் குடுத்திருக்கோம். நீங்க எத்தனை அடிச்சீங்க?"

"மூணு."

"எந்த ரூம்?"

"எல்லா ரூமும்."

"நாலு வீடும் இப்படியா?"

அவர் தலையை ஆட்டிவிட்டு, விளக்கின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ரெண்டு கோட்டிங்ல விளக்குப் பிடிச்சா லேசா திட்டு தெரியுது," என்றார். "மனசு கேக்கல. வாக்கிங்னு சொல்லிட்டு வர வழி கிடைச்சுது. உன்கிட்ட சொன்னா கத்துவ."

"கத்தியிருப்பேன். கத்தி முடிச்சு, காப்பி போட்டுக் குடுத்திருப்பேன். இப்ப என்ன பண்ணி வச்சிருக்கேன் பாருங்க!" அவள் குரல் உடைந்தது. "அந்தப் புள்ள இடுப்புலேருந்து சாவியைப் புடுங்கிட்டு வந்திருக்கேன். அவருக்குத் தெரியுமா, நீங்க அடிக்கறது?"

"தெரியும். ஆளுங்க பெயிண்ட் பத்தலைன்னு சொன்னப்பவே கண்டுபிடிச்சுட்டான். என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அவனே கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்துடுவான்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காலையில் சின்னவர் எட்டிப் பார்த்தது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அண்ணனிடமிருந்து ஒரு வார்த்தை வருமா என்று பார்த்திருக்கிறார். வரவில்லை என்று தெரிந்ததும் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"அவர் வாயைத் திறக்கல, உங்களுக்காக. நீங்களும் திறக்கல, உங்களுக்காக," என்றாள். "பேசினது நான் ஒருத்திதான்."

பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அண்ணிக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட டீச்சர், கேட்காத மாதிரி நடிக்கிற பழக்கம் இல்லாதவர்.

"எனக்கு மூணு கோட்டிங் யாரு கேட்டா?" என்றார். "ஹாலுக்குச் சரி. பெரிய ஜன்னல், சாயங்காலம் வெயில் நேரா சுவர்ல விழும். கேட்டிருந்தா அதுக்குத் தனியா காசு குடுத்திருப்பேன். ஆனா பெட்ரூம்ல விளக்கைப் பிடிச்சுக்கிட்டு யாரு சுவரைப் பார்க்கப் போறா? நான் தூங்கறேன்யா அங்க."

"தொழில் தெரிஞ்சவன் கண்ணுக்குத் தெரியும் டீச்சர்," என்றார் பெரியவர். இதில் மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அண்ணி நிமிர்ந்தாள். அறை மூலையில் அலமாரிக் கதவுகள் ஆறு, கழற்றினபடியே சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. சாயங்காலம் மாட்ட வேண்டியவை.

"இதுல எதுக்கு மூணு, எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுக்குக் காலையில மூணாவது அடிச்சேன். மத்ததுக்கு நேரமில்ல. ஆசாரி பின்பக்கம் நம்பர் போட்டிருக்கார்."

"காஞ்சிடுச்சா?"

"எப்பவோ."

"அப்ப திரும்பி நில்லுங்க. விளக்கை டீச்சர்கிட்ட குடுங்க."

பெரியவர் புரியாமல் திரும்பி நின்றார். டீச்சருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தேர்வு வைப்பது என்றால் கேட்கவும் வேண்டுமா? இரண்டு பெண்களுமாகக் கதவுகளைத் தூக்கி முன்னும் பின்னுமாக மாற்றி வைத்தார்கள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் அண்ணி. "விளக்கில்லாம, வீட்டுக்காரங்க பார்க்கற மாதிரி பார்த்து. மூணு கோட்டிங் எது?"

பெரியவர் கிட்டே போனார். தள்ளி வந்தார். ஒரு கண்ணை மூடினார். இரண்டு கண்ணையும் திறந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. கடைசியில் மூன்று கதவைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சர் ஒவ்வொன்றாகத் திருப்பி, நம்பரைச் சத்தமாகப் படித்தார். "அஞ்சு. தப்பு. ரெண்டு. சரி. ஆறு. தப்பு."

மூன்றில் ஒன்று. தெருவில் போகிற ஒரு பையன் குருட்டாம்போக்கில் காட்டியிருந்தாலும் அவ்வளவாவது வந்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் ஆறு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு மாத விடியற்காலங்கள், எத்தனையோ பக்கெட், நாலு வீட்டு லாபம் எல்லாம் அவர் கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகப் போயிருக்கிறது. அந்த நாலு வீட்டிலும் திட்டு இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை. முதல் வீட்டுக்காரரின் சிரிப்பைத்தான் இத்தனை நாளும் அவர் மூடி மூடிப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். அது எத்தனை கோட்டிங் அடித்தாலும் மறைகிற சமாச்சாரமா?

"விளக்கு இருந்தா ஆறையும் சரியா சொல்லியிருப்பேன்," என்றார் மெதுவாக.

"தெரியும்," என்றாள் அண்ணி. இந்தத் தடவை அவள் குரலில் கோபம் இல்லை. "வெயில் விழற சுவருக்கு விளக்குப் பிடிங்க. அதுக்கு மூணு கோட்டிங்னு எழுதிடுவோம், தனி ரேட் போட்டு. மத்ததுக்கு ரெண்டு. வேணும்னா கேட்டுக் காசு குடுக்கட்டும். நீங்க திருட்டுத்தனமா வேலை செய்ய வேண்டாம்."

"என்கிட்ட இப்ப வந்து கேட்டுடாதீங்க, எனக்கு முடிஞ்சு போச்சு," என்று டீச்சர் முந்திக்கொண்டார். "அடுத்த மாசம் என் தங்கச்சி வீட்டுக்கு எழுதறப்ப எழுதிக்கோங்க. அவ குடுப்பா. அவ ஹால் பூரா ஜன்னல்தான்."

லாபத்துக்கு வழி பிறந்துவிட்டது. வேறு ஒரு நாளாக இருந்தால் அண்ணி இந்நேரம் பேப்பரையும் பேனாவையும் எடுத்திருப்பாள். இன்று இடுப்பில் செருகியிருந்த சாவி உறுத்திக்கொண்டே இருந்தது. சுவர்களையெல்லாம் இனி ஒழுங்காக அடித்துவிடலாம். ஆனால் அந்தச் சுவர்களின் ஓரத்தில் டேப் ஒட்டாமல், கை நடுங்காமல் நூல் பிடித்த மாதிரி கோடு இழுக்கிற ஆள் தெருவில் இறங்கிப் போயிருக்கிறார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் வீடு வந்தார்கள். மாடியில் விளக்கு எரிந்தது. சாமான் ரூம் வாளியில் வேலையாட்களின் பிரஷ் நாலு இருந்தது. சின்னவரின் பிரஷ் இல்லை.

அண்ணி சாவியை எடுத்துப் பெரியவர் கையில் வைத்தாள்.

"நான் வாங்கினேன். திருப்பிக் குடுக்கறது நீங்க."

அந்த வீட்டில் தம்பி கீழே இறங்கி வருவார், அண்ணன் மேலே ஏறிப் போவதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை, அப்படியே பழகிவிட்டது. பெரியவர் முதல் படியில் கால் வைத்து ஒரு தரம் நின்றார். பிறகு ஏறினார். அண்ணி இரண்டு படி பின்னால் போனாள்.

கதவைத் திறந்தது தங்கை. அண்ணனைப் பார்த்து ஒதுங்கினாள். அண்ணியைப் பார்த்து ஒதுங்கவில்லை.

"வாஷிங் மெஷின் எங்கப்பா வாங்கிக் குடுத்தது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அண்ணி முகத்தில் அறைந்த மாதிரி நின்றாள். "தப்புப் பண்ணிட்டேன்மா," என்றாள்.

சின்னவர் உள்ளேயிருந்து வந்தார். பெரியவர் சாவியை நீட்டினார்.

"நான்தான்டா அடிச்சேன். மூணாவது கோட்டிங். சொல்லிட்டேன் இவகிட்ட."

"ம்."

"தம்பி, நான் கேட்டது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் அண்ணி.

"நீங்க கேட்டதுல தப்பில்ல அண்ணி. பக்கெட் கூடப் போச்சு, சாவி என்கிட்ட இருந்துச்சு, கேட்டீங்க." சின்னவர் அவளிடம் பேசினார், பார்த்தது அண்ணனை. "பதில் சொல்ல வேண்டிய ஆள் கீழ உட்கார்ந்திருந்தார். ஆறு மாசமா நானா கேக்கல, அவரா ஒரு நாள் சொல்லுவார்னு. இன்னைக்காவது சொல்லுவார்னுதான் எட்டிப் பார்த்தேன். ஒரு ஷூ லேஸை அவிழ்க்க எவ்வளவு நேரம்ணே ஆகும்?"

பெரியவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

"பெரிய கான்ட்ராக்டரைப் பார்த்துட்டு வந்தேன்," என்றார் சின்னவர். "நாளைக்கு எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கார்."

"போறியா?"

"தெரியல."

அண்ணியின் கண் அவரைத் தாண்டி உள்ளே போயிற்று. குளியலறைக் கதவு திறந்திருந்தது. குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் ஜக். அதற்குள் தண்ணீர். அதில் மூன்று இஞ்ச் பிரஷ் ஒன்று, மரப்பிடி மேலே நீட்டிக்கொண்டு, நின்றது. கான்ட்ராக்டரின் வாளியிலும் இல்லை, தங்கள் வாளியிலும் இல்லை. சின்னவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த பிரஷ் வீட்டுக்குள் ஊறியதை அவள் பார்த்ததில்லை.

தங்கையும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். கேட்காதீர்கள் என்பது போல லேசாகத் தலையை அசைத்தாள்.

"எட்டு மணிக்குத்தான் நம்ம வண்டியும் கிளம்பும்," என்றார் பெரியவர்.

சின்னவர் சாவியை வாங்கவில்லை. பெரியவர் அதற்கு மேல் வற்புறுத்தவும் இல்லை. சாவியை மேல் படியில், கதவுக்கு நேராக, சத்தமில்லாமல் வைத்தார். வைத்துவிட்டு இறங்கிப் போவார் என்று அண்ணி நினைத்தாள். அவர் இறங்கவில்லை. அதற்கு அடுத்த படியிலேயே, தம்பி வீட்டு வாசலில், முதல் தடவையாக உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தார். ஒரே இழுப்பில் லேஸ் அவிழ்ந்தது.

பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது கேட்கவில்லை.